முகாமில் முதல் வாரமே தட்டம்மை ஊசி எதற்கு?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து பள்ளத்துத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தால், அவர்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிடுவது வழக்கமாம். போன தடவை சனங்கள் வந்து தங்கிய மறுநாளே சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வந்து, பிள்ளைகள் எத்தனை பேர், தட்டம்மை ஊசி போட்ட அட்டை யாரிடமெல்லாம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். "பாய் போர்வையே இன்னும் வந்து சேரலை, அதுக்குள்ள ஊசியா?" என்று பெரியவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பத்தாவுக்கோ அம்மையைப் பற்றிய பேச்சே பிடிக்கவில்லை. தம்பி கேட்பது இதுதான்: வெளிநாட்டுப் போர் முகாம்களிலும் எடுத்த எடுப்பில் தட்டம்மை ஊசி போடுகிறார்கள் என்று படித்தேன், அப்படி என்ன அவசரம்? ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன்? நம் ஊர் மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்கும் அது வேண்டுமா?

நான் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்து, கல்லல், சாக்கோட்டை வட்டாரங்களில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். சுனாமிக்குப் பிறகு எங்களில் சிலரைக் கடற்கரைப் பக்கமும் அனுப்பினார்கள். அந்த அனுபவத்தையும், படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு வரியில்: ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்து வாரக்கணக்கில் ஒன்றாக அடைந்து கிடக்கும் இடத்தில் சோறு, தண்ணீர், கக்கூசு, தட்டம்மை ஊசி நாலும் ஒரே நாளில் தொடங்க வேண்டிய வேலை. ஒருவருக்கு அம்மை போடட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தால் நேரம் கடந்துவிடும். ஆனால் உங்கள் மண்டபத்துக்கு அது அப்படியே பொருந்தாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சொல்வது மணல்வாரி என்று நம் வீடுகளில் சொல்லும் அம்மையை. நீர்க்கொப்புளம் போடும் சின்னம்மை வேறு. மணல்வாரியில் முதலில் நல்ல காய்ச்சல், வறட்டு இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து பீளை தள்ளும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் தொடங்கி, சிவந்த மணலைத் தூவிய மாதிரி உடம்பெல்லாம் இறங்கும். இங்கேதான் சிக்கல். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டிருக்கும். தடிப்பு வந்தபின் இன்னும் நான்கு நாள் பரப்பும். "சளிதானே" என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டு திரியும் நாட்களில்தான் பாதிப் பரவல் முடிந்துவிடுகிறது.

பரவும் வேகத்தில் இதற்கு ஈடாகச் சொல்ல நோய்கள் அதிகம் இல்லை. தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது பொதுவான கணக்கு. எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு வந்துவிடும். தொட வேண்டியதில்லை, ஒரே பாயில் படுக்க வேண்டியதில்லை. பின்கட்டில் மிளகாய் தாளித்தால் ஆள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனபிறகும் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் இருமுவார் இல்லையா, அது மாதிரி நோயாளி எழுந்து போனபின்னும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். இப்போது உங்கள் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மழைச்சாரல் அடிக்கிறது என்று சன்னலை எல்லாம் சாத்தி, மேடையிலிருந்து பந்திக்கூடம் வரை ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.

இது முதல் காரணம். இரண்டாவது காரணம் பசி.

வயிறார உண்கிற, ஊசி போட்ட ஊரில் மணல்வாரி பெரும்பாலும் ஒரு வாரத்தில் வந்து போய்விடும். அதனால்தான் நம் பெரியவர்களுக்கு அது "பிள்ளைக்கு வந்து போகிற ஒன்று". அதே கிருமி, மெலிந்த பிள்ளையிடம் போனால் கதை வேறு. 1985-ல் எத்தியோப்பியாவிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கிழக்கு சூடானில் அடைக்கலம் புகுந்தவர்களின் முகாம்களில், தட்டம்மை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இறந்த இடமும் உண்டு. பஞ்சத்தில் பிள்ளைகள் பட்டினியால் செத்தார்கள் என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அருகில் போய்ப் பார்த்தால் பட்டினி உடம்பைத் திறந்துவிட்டது, உள்ளே வந்து முடித்தது தட்டம்மையும் அதற்குப் பின்னால் வந்த நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். 2000-ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் கோடே பகுதியில் பஞ்சம் வந்தபோதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாவுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் தட்டம்மை தொடர்புடையது என்று ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். அங்கே உணவு வந்து சேர்ந்த இடங்களைத் தேடி மக்கள் கூடினார்கள், கூடிய இடத்தில் நோய் பரவியது, ஊசி பின்னால் வந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தட்டம்மை வந்து தேறிய பிள்ளையின் உடம்பு, அதுவரை மற்ற நோய்களிடம் கற்றுவைத்திருந்த எதிர்ப்பில் கொஞ்சத்தை மறந்துவிடுகிறது. தேறிவிட்டான் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, அடுத்த மாதங்களில் சளியும் பேதியும் மாறி மாறி வருவது அதனால்தான். முகாமில் அந்த அடுத்த மாதங்களையும் அந்தப் பிள்ளை அங்கேதான் கழிக்க வேண்டும்.

அப்புறம் கண். உடம்பில் ஏ வைட்டமின் சத்து குறைந்த பிள்ளைக்கு அம்மை வந்தால் கருவிழி வெந்து, பார்வையே போகலாம். நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாளுக்குக் கண்மலர் நேர்ந்துகொள்கிற நம் சனத்துக்கு, அம்மையில் கண் போவதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்கு மருந்து மிக எளிது. அம்மை கண்ட பிள்ளைக்கு இரண்டு நாள் தொடர்ந்து ஏ வைட்டமின் திரவம்: 6 மாதத்துக்குக் கீழே 50,000 யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். கண்ணில் கோளாறு தெரிந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மூன்றாவது தடவை. நர்சம்மா கையால் கொடுக்க வேண்டியது இது, கடையில் வாங்கி ஊற்றுகிற சமாச்சாரம் இல்லை. தடுப்பூசி முகாமில் நோய் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஒரு முறை கொடுத்துவிடுவார்கள்.

சரி, ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன்?

இதற்குப் பேனாவை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். ஒன்பது மாதத்தில் போடும் ஊசி 100-ல் சுமார் 85 பிள்ளைகளிடம்தான் பிடிக்கும். ஊசியில் குறை இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு அந்த வயதில் சில பிள்ளைகளிடம் மிச்சமிருந்து, ஊசியில் உள்ள கிருமியை வேலை செய்யவிடாமல் அமுக்கிவிடும். ஒரு ஊரில் 100-க்கு 95 பேருக்கு ஒரு தவணை போட்டாயிற்று என்று வையுங்கள். பலகையில் எழுதிவைத்தால் கைதட்டுவார்கள். ஆனால் உண்மையில் காப்பு உள்ளவர்கள் 81 பேர்தான். மீதி 19 பேர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். தட்டம்மை கூட்டத்துக்குள் ஓடாமல் நிற்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 95 பேருக்குக் காப்பு இருக்க வேண்டும். 200 பிள்ளைகள் உள்ள முகாமில் யார் அந்த 38 பேர் என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோருடைய அட்டையிலும் அதே முத்திரைதான் இருக்கும். இரண்டாவது தவணை போடும்போது முதலில் பிடிக்காத அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிடித்துவிடும். இரண்டும் போட்டால் 100-க்கு 97 வரை போகும். ஏற்கெனவே காப்பு உள்ள பிள்ளைக்குக் கூடுதல் ஊசியால் கெடுதல் எதுவும் இல்லை.

இதைப் புத்தகத்தில் படித்ததைவிட நம் கடற்கரை நன்றாகக் கற்றுக்கொடுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி. 29-ஆம் தேதியே பாதிக்கப்பட்ட கிராமங்களில் 6 மாதம் முதல் 5 வயது வரை தட்டம்மை ஊசி தொடங்கிவிட்டது. அந்த வேகத்துக்குத் தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை கூட்டமாக வந்திருப்பது தெரியவந்தது. ஒரு தவணை ஊசியில் நாட்டுக்கே முன்னால் இருந்த மாநிலம் இது. தொற்றுநோய் ஆய்வாளர்கள் வீடுவீடாகப் போய்ப் பார்த்ததில், ஐந்து வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளிடமும் நோய் ஓடியிருந்தது. ஒரு ஊசி போட்டவர்களுக்கும் வந்திருந்தது. ஒரு தவணை போதாது, பேரிடரில் வயது வரம்பை ஐந்தோடு நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் சொன்ன பாடம். இந்தியாவில் இரண்டாவது தவணை 2010-லிருந்துதான் வழக்கத்துக்கு வந்தது. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, இரண்டும் தட்டம்மை ரூபெல்லா சேர்ந்த எம்.ஆர். ஊசி.

அதனால்தான் பேரிடர் உதவிக்கான ஸ்பியர் கையேடு, முகாமில் 6 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்காவது போட்டுவிட வேண்டும் என்கிறது. மருந்து போதவில்லை என்றால் மெலிந்த பிள்ளைகள், நோயில் படுத்த பிள்ளைகள், அப்புறம் 2 வயதுக்குக் கீழே, அப்புறம் 5 வயது வரை என்று இறங்கி வரவேண்டும். "பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கு, தேறட்டும், அப்புறம் போடலாம்" என்று சில தாய்மார் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் நேர் தலைகீழ். அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில். லேசான காய்ச்சல், சளி, பேதி எதுவும் தடையில்லை. கர்ப்பிணிக்குப் போடக்கூடாது.

வழக்கமாக ஒன்பதில் போடுவதை முகாமில் ஏன் ஆறு மாதத்தில் போடுகிறார்கள் என்றும் சிலர் கேட்பார்கள். ஆறு மாதத்தில் இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும், தெரிந்தேதான் போடுகிறார்கள். கொஞ்சமாவது காப்பு கிடைக்கட்டும் என்பதற்காக. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்பது மாதம் ஆனதும் முதல் தவணை புதிதாகத் தொடங்கும். இதைத் தாயிடம் விளக்காமல் விட்டால் "அதான் முகாம்லயே போட்டாச்சே" என்று சொல்லி, வீடு திரும்பியபின் வரமாட்டார்.

அட்டை பற்றி ஒன்று. முகாமில் அட்டை கேட்டு நிற்பது வீண் வேலை. படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போன ஈழத்துச் சனத்திடம் ஒரு துணிமூட்டை இருந்ததே பெரிது. நம் வீடுகளிலேயே 1942-ல் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. பெட்டகம், பத்திரம் எல்லாம் அங்கேயே போயிற்று. வழிநெடுகக் காலராவும் மலேரியாவும் வாரிக்கொண்டு போயின. அன்றைக்குத் தட்டம்மைக்கு ஊசி என்ற ஒன்றே கிடையாது, 1963-ல்தான் அமெரிக்காவில் அது வந்தது. இப்போது இருக்கிறது, விலையும் குறைவு. எனவே சந்தேகம் வந்தால் போட்டுவிடுவதே வழக்கம். போட்டதற்கு அடையாளமாக இடது கைவிரலில் மையை வைத்து அனுப்புவோம்.

வேகமாகச் செய்ய முடியுமா என்றால், முடியும். 2017 ஆகஸ்டு கடைசியில் மியான்மரிலிருந்து ரோகிங்கியா மக்கள் வங்கதேசத்துக் காக்ஸ் பசாருக்கு லட்சக்கணக்கில் வந்து இறங்கினார்கள். செப்டம்பர் நடுவிலேயே எம்.ஆர். ஊசி, போலியோ சொட்டு மருந்து, ஏ வைட்டமின் மூன்றையும் சேர்த்துத் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் சுற்றில் போட்டார்கள். சனம் வந்துகொண்டே இருந்ததால் நவம்பரில் இன்னொரு சுற்று. நேர்மாறாக, காங்கோ சனநாயகக் குடியரசில் 2019-ல் சண்டையும் பாழடைந்த சுகாதார நிலையங்களுமாக இருந்த நேரத்தில் தட்டம்மை 3 லட்சம் பேருக்கு மேல் பிடித்து, 6,000 பேருக்கு மேல் கொன்றது. அதே சமயம் அங்கே எபோலாவும் இருந்தது. எபோலாவில் இறந்தவர்கள், தட்டம்மையில் இறந்தவர்களில் பாதிகூட இல்லை. பத்திரிகைகளில் எதைப் பற்றி அதிகம் படித்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி, கூட்டத்தை எப்படி நடத்துவது. வெளிநாட்டுப் படங்களில் கூடாரம் கூடாரமாகக் காட்டுவார்கள். எனக்கு ஊசி போட மிகவும் தோதான இடமாகத் தோன்றுவது நம் செட்டிநாட்டு வீடுதான். ஒரு தெருவில் முகப்பு, நேர்கோட்டில் வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுத்த தெருவில் பின்வாசல். முகப்புத் திண்ணையில் பெயர் பதிவு, வளவுச் சார்ப்பின் நிழலில் ஊசி மேசை, இரண்டாம் கட்டில் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பது, பின்வாசல் வழியாக வெளியே. வந்த வழியே யாரும் திரும்பாததால் அழுகிற பிள்ளையைப் பார்த்து அடுத்த பிள்ளை மிரளாது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை சொட்டு மருந்துக்கு அப்படிப்பட்ட வீட்டைத் திறந்துவிட்டார்கள், ஆச்சி ஒருவர் பின்கட்டில் உட்கார்ந்து வருகிற பிள்ளைக்கெல்லாம் சீப்புச் சீடை கொடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்திலும் இதையே செய்யலாம்: முன்வாசல் உள்ளே, பந்திக்கூட வாசல் வெளியே. காய்ச்சலும் கண்சிவப்புமாக வருகிற பிள்ளையை வரிசையில் நிற்கவிடாமல் வாசலிலேயே பிரித்துத் தனி அறைக்கு அனுப்ப ஒருவர் வேண்டும். அந்த ஆளை மறந்துவிட்டால் ஊசி வரிசையே நோய் பரப்பும் வரிசையாகிவிடும்.

வரிசையில் அவசரப்படலாம். ஒரு இடத்தில் மட்டும் அவசரம் கூடாது, மருந்தைக் கலக்கும் இடத்தில்.

எம்.ஆர். மருந்து, வயல் (vial) என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் உலர்ந்த பொடியாக இருக்கும். அதைக் கரைக்கத் தனியாக ஒரு ஆம்பியூலில் (உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குழாய்) டைலூயன்ட் என்கிற கரைக்கும் திரவம் வரும். அதே கம்பெனி, அந்த மருந்தோடு சேர்த்து அனுப்பியது மட்டும்தான். இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும், அதனால் டைலூயன்டையும் முன்னாளே குளிரில் வைத்துவிடுவோம். கையில் எடுத்ததும் பெயர், காலாவதித் தேதி இரண்டையும் வாய்விட்டுப் படிப்போம். பக்கத்தில் நிற்பவரும் பார்க்க வேண்டும். வயல் மேலே இருக்கும் வட்டத்துக்குள் ஒரு சதுரம் உண்டு. சதுரம் வெளுப்பாக இருந்தால் நல்லது, சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் வெயில் பட்டுக் கெட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். கலக்கியதும் மேலே நேரத்தை எழுதி, ஐஸ் பேக்கில் உள்ள குழியில், நிழலில் வைப்போம். நம் நாட்டு விதிப்படி 4 மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது. பாதி வயல் மிச்சமிருந்தாலும் கொட்டத்தான் வேண்டும். ஒரு பிள்ளைக்காகப் பத்துப் பிள்ளை வயலை உடைக்க மனசு வராமல் "நாளைக்கு வாம்மா" என்று அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. முகாமில் அது கூடவே கூடாது. நாளைக்கு அந்தத் தாய் எங்கே இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவு கறார் எதற்கென்றால், தவறினால் என்ன ஆகும் என்று உலகம் பார்த்திருக்கிறது. 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில், போருக்கு நடுவே தட்டம்மை முகாம் நடந்தபோது டைலூயன்டுக்குப் பதிலாக மயக்க மருத்துவத்தில் பயன்படும் தசை தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தார்கள். 2017 மே மாதம் தெற்கு சூடானில் கப்போயட்டா பக்கம், ஒரே சிரிஞ்சை எல்லோருக்கும் குத்தி, மருந்தைக் குளிரில் வைக்காமல் நாட்கணக்கில் பயன்படுத்தினார்கள். அங்கும் 15 குழந்தைகள். இரண்டிலும் மருந்தின் மேல் குற்றம் இல்லை. கை செய்த பிழை. இப்போது ஒரு தடவை குத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏ.டி. சிரிஞ்சுதான் தருகிறார்கள், மறுபடி இழுக்கவே முடியாது. பிழை நடந்தால் அந்தப் பிள்ளைகளோடு நிற்பதில்லை. சமோவாத் தீவில் 2018-ல் இதே போன்ற கலவைத் தவறால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, தாய்மாருக்கு நம்பிக்கை போயிற்று. மறு வருடம் தட்டம்மை வந்து அந்தச் சின்ன நாட்டில் 83 பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் பச்சைப் பிள்ளைகள். நம்மிடமும் 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்த பிறகு, கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் வேலை பார்த்த எந்த நர்சுக்கும் அது மறக்காது.

குளிர்ச்சி பற்றிச் சொன்னேன் அல்லவா, பேரிடரில் முதலில் போவது மின்சாரம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது புதுக்கோட்டைக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று நமக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியின் உள்சுவரில் பனிக்கட்டி இருப்பதால், மூடியைத் திறக்காமல் விட்டால் மின்சாரம் இல்லாமலும் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதற்குமேல் ஜெனரேட்டர் வேண்டும், அல்லது மின்சாரம் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். நிவாரணம் என்றதும் அரிசி மூட்டை அனுப்புகிற நம் சங்கங்கள் ஒரு ஜெனரேட்டரையும் டீசலையும் அனுப்பினால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இப்போது அப்பத்தா. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவது, வெளி ஆளை உள்ளே விடாதது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்பாதது எல்லாம் நல்ல காரியம். தடிப்பு வந்து நான்கு நாள் தனியாக வைக்கச் சொல்கிறது மருத்துவம், அப்பத்தா கணக்கு அதைவிடக் கூடவே வைத்திருக்கிறது. இடிப்பது இரண்டே இடம். ஒன்று பத்தியம்: பால் கூடாது, முட்டை கூடாது, கஞ்சித் தண்ணி மட்டும் என்று வயிற்றைக் காயப்போடுவது. அம்மை நேரத்தில்தான் பிள்ளைக்குக் கூடுதலாக ஊட்ட வேண்டும், தாய்ப்பால் நிறுத்தவே கூடாது. இன்னொன்று, மூச்சு வாங்கினாலும், தூங்கி விழுந்தாலும், கண் மங்கினாலும் "ஆத்தா இறங்கட்டும்" என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது. முத்து போட்ட பிள்ளைக்கு ஊசி போட யாரும் கேட்கவில்லை, பக்கத்திலிருக்கும் போடாத பிள்ளைக்குத்தான் கேட்கிறோம். நோயாளியோடு பழகி 72 மணி நேரத்துக்குள் போட்டால் அந்தப் பிள்ளைக்கு வராமலே தடுக்கவும் வாய்ப்புண்டு. இதை இப்படிப் பிரித்துச் சொன்னால் அப்பத்தாக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். 2017-ல் எம்.ஆர். ஊசி வந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பிப் பள்ளிக்கூட வாசலில் தகராறு செய்தவர்கள் படித்த அப்பாக்கள்தான்.

ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும், இன்னும் சிலருக்கு லேசான தடிப்பும் வரும். "ஊசியாலதான் அம்மை வந்துச்சு" என்ற பேச்சு அப்போது கிளம்பும். அது மருந்து வேலை செய்கிற அடையாளம், இரண்டொரு நாளில் அடங்கும், பிறருக்குத் தொற்றாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேச்சு எழாது.

கடைசியாக உங்கள் மண்டபம். தண்ணீர் வடிய இரண்டு மூன்று நாள் தங்கி வீடு திரும்புகிற, ஊரில் ஏற்கெனவே இரண்டு தவணையும் நன்றாகப் போட்டிருக்கிற சனத்துக்கு 15 வயது வரை மொத்தமாக ஊசி போடத் தேவையில்லை என்பது என் கருத்து. சுகாதார நிலையத்து ஆட்கள் வந்து கேட்டதும் அதற்காக இல்லை. தவணை தவறிய பிள்ளை யார் என்று பிடிப்பதற்காக. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போது அந்த வேலை சுலபம். தங்கல் வாரக்கணக்காக நீண்டாலோ, செங்கல் சூளை, ரோடு வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்திருந்தாலோ, காய்ச்சலும் தடிப்புமாக ஒரு பிள்ளை தென்பட்டாலோ நிலைமை மாறும். அன்றைக்கே வட்டார மருத்துவ அலுவலருக்குச் சொல்ல வேண்டும், எந்த வயது வரை போடுவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒரு நோட்டுப் போடுவது. வந்து இறங்கும்போதே குடும்பத் தலைவர் பெயர், சொந்த ஊர், போன் எண், ஒவ்வொரு பிள்ளையின் வயது (ஐந்துக்குக் கீழே மாதக் கணக்கில்), அட்டை உண்டா, எத்தனை தவணை. சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே இதையும் எழுதினால் ஒரு பிள்ளையும் விட்டுப்போகாது. ஊசி போட்டால் புது அட்டையில் தேதியும் எந்த மருந்து என்பதும் எழுதி வாங்குங்கள். ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ள பிள்ளையானால் "கணக்கில் சேராது, 9 மாதத்தில் முதல் தவணை" என்று அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருக்கும் நர்சுக்கு அந்த ஒரு வரி போதும்.